கலைச்சொல்: 'ஹார்ட்பீட்' – முதலில் பேசுவது யார்?

வணக்கம்.

சேவைகள் ஓடுகின்றனவா என்று பார்த்துச் சொல்லும் 'அப்டைம் கூமா' கருவியின் இடைமுகச் சரங்களை, அதாவது திரையில் தெரியும் சொற்களை, தமிழாக்குவதில் ஒரு சொல் இடிக்கிறது: 'ஹார்ட்பீட்'. இப்போதைக்கு 'இதயத்துடிப்பு இடைவெளி' என்று போட்டு வைத்திருக்கிறோம். அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் இ.சி.ஜி. எடுக்க வந்த மாதிரி இருக்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உண்மையான சிக்கல், ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் இரண்டு வேலை பார்க்கிறது.

முதலாவது: கூமா தானே 60 நொடிக்கு ஒருமுறை உங்கள் வழங்கியில் (சர்வரில்) ஓடும் நெக்ஸ்ட்கிளவுட் கோப்புச் சேவையின் முகவரியைத் தட்டிப் பார்க்கிறது. கிடைத்த விடை பச்சையாகவோ சிவப்பாகவோ ஒரு சிறு பட்டையாகத் திரையில் சேர்கிறது. அந்தப் பட்டை ஒவ்வொன்றும் ஒரு ஹார்ட்பீட்.

இரண்டாவது: 'புஷ்' வகை. இதில் கூமா யாரையும் தட்டாது. ஓர் இணைய முகவரியைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும். வழங்கிதான் அந்த முகவரியைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அழைக்க வேண்டும். அழைப்பு வராவிட்டால் சிவப்பு. இதற்கும் ஹார்ட்பீட் என்றே பெயர்.

இரண்டும் எதிரெதிர்த் திசை. இதைப் புரிந்துகொள்ளாமல் புஷ் வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வழங்கிப் பக்கம் எதுவும் எழுதாமல் காத்திருப்பவர்கள் நிறைய. சிவப்பு வந்ததும் கருவியில் பழுது என்று வழுப்பதிவு போடுகிறார்கள். தமிழிலாவது இந்தக் குழப்பத்தை ஒழிக்கலாமே?

என் பக்கம் இருப்பவை: நாடி, உயிர்ப்புக்குறி, வெறும் துடிப்பு.

– க.

*

அன்பின் க. அவர்களுக்கு,

'உயிர்ப்பு' வேண்டாம். எங்கள் பக்கம் உயிர்ப்பு என்றால் உயிர்ப்பு ஞாயிறுதான் முதலில் நினைவுக்கு வரும். சேவையகம் விழுந்து மூன்றாம் நாள் எழும்பினால் அனுப்புகிற செய்திக்கு வேண்டுமானால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

'நாடி' அழகான சொல். ஆனால் நாடி தானாக வந்து ஒன்றும் சொல்லாது. வைத்தியர் கையைப் பிடித்துப் பார்க்க வேணும். அதனால் அது உங்களுடைய முதலாவது வகைக்குத்தான் பொருந்தும். இரண்டாவது வகைக்குப் போட்டால் குழப்பம் இன்னும் கூடும்.

– ஜெ.

*

பள்ளிக்கூடத்தில் இருந்தே ஒரு சொல் கிடைக்கிறதே: 'உள்ளேன் ஐயா'. வழங்கி "உள்ளேன்" என்கிறது. 'உள்ளேன் குறி', 'உள்ளேன் இடைவெளி'. பயனருக்கு விளக்கமே தேவைப்படாது.

– மு.

*

மு., எனக்கும் பிடித்தது, ஒரு நிமிடம் வரைக்கும். ஆசிரியர் பெயரைக் கூப்பிட்ட பிறகுதானே மாணவன் 'உள்ளேன்' என்பான்? கேள்வி அங்கிருந்து வருகிறது, பதில் இங்கிருந்து போகிறது. அதுவும் முதல் வகைதான். புஷ் என்பது கூப்பிடாமலே வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது.

திசையை நான் இவ்வளவு பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் உண்டு. வீட்டு வழங்கியில் கருவித் தேர்வே அதில்தான் நிற்கிறது. சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் விரித்துவிடுகிறேன், உதவிப்பக்கத்துக்கும் ஆகும்.

ஃபைபர் இணைப்பு இருந்தாலும் வீட்டுக்கென்று தனி ஐபிவி4 முகவரி கிடைப்பது அரிது. ரூட்டரின் நிலைப்பக்கத்தில் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால், பல வீடுகள் ஒரே முகவரிக்குப் பின்னால் அடைபட்டிருக்கின்றன என்று பொருள். போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் அழைப்பை உள்ளே ஒரு கருவிக்குத் திருப்பிவிடும் ரூட்டர் அமைப்பு) எத்தனை போட்டாலும் வெளியே இருக்கும் கருவியால் உள்ளே தட்ட முடியாது. வயர்கார்டு வி.பி.என். சுரங்கம், ஐபிவி6 என்று வழிகள் உண்டு. ஆனால் உள்ளிருந்து வெளியே அழைக்க எந்தத் தடையும் இல்லை. ஆகவே புஷ்தான் எளிது.

அடுத்தது இடம். கண்காணிக்கும் கருவியையும் கண்காணிக்கப்படும் சேவைகளையும் ஒரே ராஸ்பெரி பை சிறுகணினியில் ஏற்றினால், மின்சாரம் போகும்போது இரண்டும் சேர்ந்தே போகும். வரைபடத்தில் ஓர் இடைவெளி விழும். அதை நீங்கள் மறுநாள் பார்ப்பீர்கள்.

1 ஜிபி நினைவகப் பெட்டி ஒன்றோ இரண்டோ வைத்திருப்பவருக்கு என் தேர்வு இது: பெட்டிக்குள் பெஸெல் ஏஜென்ட் (அளந்து சொல்லும் பகுதி), வெளியே ஒரு சிறு வி.பி.எஸ்.ஸில் (வாடகை மெய்நிகர் வழங்கியில்) பெஸெல் ஹப் (அளவுகளைச் சேர்த்துக் காட்டும் பகுதி), அதன் பக்கத்திலேயே கூமா. பெஸெல் கோ மொழியில் எழுதியது. சிபியு, நினைவகம், வட்டு, வெப்பநிலை, டாக்கர் கொள்கலன் (தனியாக அடைத்து ஓட்டும் சேவை) வாரியான கணக்கு எல்லாம் தரும், இடம் அடைக்காது. முன்பு ஹப்தான் 45876 போர்ட்டில் ஏஜென்ட்டைத் தேடி வரும். பிற்பாடு வந்த பதிப்புகளில் ஏஜென்ட்டே வெப்சாக்கெட் வழியாக ஹப்பை அழைக்கிறது. இங்கேயும் அதே திசைக் கதைதான், கவனியுங்கள். இன்னொரு கண்காணிப்புக் கருவியான நெட்டேட்டா நொடிக்கு ஒருமுறை அளக்கும். பழுது தேடும் நாளில் அதற்கு ஈடில்லை, ஆனால் சிறிய பெட்டியில் அதுவே பெரிய குடித்தனக்காரர் ஆகிவிடும். அளவீடுகளைத் தானே வந்து சேகரிக்கும் ப்ரோமிதியஸ் வேண்டுமென்றால் கூடவே நோட் எக்ஸ்போர்ட்டர், அலர்ட்மேனேஜர், கிராஃபானா: ஆக நாலு சேவை, நாலு போர்ட், நாலு அமைவுக்கோப்பு. இரண்டு பெட்டிக்கு அது கல்யாண அண்டாவில் காபி போடுவது. கூமாவின் தரவுக் கோப்பகத்தை மட்டும் என்எஃப்எஸ் பகிர்வில் (வலையமைப்பு வழி வட்டில்) வைக்காதீர்கள்; அதன் எஸ்க்யூலைட் தரவுத்தளப் பூட்டுகள் அங்கே ஒழுங்காக வேலை செய்யாமல் தரவு கெட்டுப்போகலாம்.

இனி ஹார்ட்பீட் எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டுவது) நிமிடத்துக்கு ஒரு கர்ல் (இணைய முகவரியை அழைக்கும் கட்டளை), கூமாவில் இடைவெளி 60 நொடி. கணக்கு சரியாகத் தெரியும், ஆனால் ஓடாது. ஒருமுறை பெயரிலிருந்து முகவரியைக் கண்டுபிடிக்கும் டிஎன்எஸ் தேடல் இரண்டு நொடி கூட எடுத்தால் அழைப்பு 62ஆவது நொடியில் வந்து சேரும். அதற்குள் சிவப்பு விழுந்திருக்கும். இரவு முழுக்க 'விழுந்தது, எழுந்தது' என்று டெலிகிராமில் தட்டிக்கொண்டே இருக்கும். க்ரான் 60 என்றால் கூமாவில் 150 வையுங்கள். அடுத்தடுத்து இரண்டு அழைப்பு தவறினால்தான் சத்தம் வரும்.

காப்புநகல் எடுக்கும் நிரலின் கடைசியில் அழைப்பைச் சேர்க்கிறவர்கள் கட்டளைகளுக்கு நடுவே அரைப்புள்ளி போடுகிறார்கள். அரைப்புள்ளி என்றால் முந்தையது தோற்றாலும் அடுத்தது ஓடும். காப்புநகல் மூன்று மாதமாக எடுபடவில்லை, பச்சை மட்டும் நாள் தவறாமல் வந்துகொண்டிருக்கும். இரட்டை ஆம்பர்சண்ட் (&&) போட வேண்டும். முந்தையது வென்றால் மட்டும் அழைப்பு போகும்.

இதைவிட நுட்பமானது எஸ்டி அட்டை. எழுதுவதில் பிழை கண்டால் கர்னல் கோப்பமைப்பைப் 'படிக்க மட்டும்' என்று மாற்றிவிடும். க்ரான் நினைவகத்தில் உயிரோடுதான் இருக்கும், கர்லும் போகும். தரவுத்தளம் எழுத முடியாமல் செத்துக் கிடக்கும்போது வெளியே பச்சை தெரியும். அழைப்புக்கு முன்னால் தரவு இருக்கும் வட்டிலேயே ஒரு கோப்பைத் தொட்டுப் பார்க்கும் டச் கட்டளையைச் சேருங்கள். அது தோற்றால் அழைப்பு போகக்கூடாது.

கூமாவை வீட்டுக்குள்ளேயே வேறொரு பெட்டியில் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: டிஎன்எஸ்ஸுக்கு வீட்டுக்குள்ளேயே ஓடும் பை-ஹோலை நம்பியிருந்தால், பை-ஹோல் ஓடும் பெட்டி விழும்போது டெலிகிராம் முகவரியைக் கண்டுபிடிக்கக் கூமாவுக்கு வழியிருக்காது. விழிப்பூட்டல் உருவாகும், வாசலைத் தாண்டாது. கூமா கொள்கலனுக்கு மட்டும் வெளி டிஎன்எஸ் ஒன்றைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

ஆகவே நாம் தேடும் சொல்லுக்கு மூன்று குணம் வேண்டும்: தானாக வருவது, தவணை முறையில் வருவது, வராததே சேதி.

– செ.

*

செ. சொன்ன மூன்றாவது குணத்துக்கு 'மௌன விழிப்பூட்டல்' எப்படி? அல்லது 'டெட் மேன்ஸ் ஸ்விட்ச்' என்பதையே தமிழாக்கலாம். மின்தொடர் ஓட்டுநர் கைப்பிடியை அழுத்திப் பிடித்தபடியே இருப்பார், பிடி தளர்ந்தால் பிரேக் விழும். 'பிடிதளர் விசை'.

– மு.

*

'மௌன விழிப்பூட்டல்' என்றால் சத்தமில்லாமல் வரும் அறிவிப்பு என்றுதான் கைபேசிக்காரர் எடுத்துக்கொள்வார். அப்படி ஒரு தெரிவு டெலிகிராம் அறிவிப்பில் ஏற்கெனவே இருக்கிறது. முட்டும்.

'பிடிதளர் விசை' பொருளை நன்றாகவே சொல்கிறது. செத்தவரை மெனுவுக்குள் கொண்டுவராமல் தப்பியதற்கும் நன்றி. ஆனால் 'விசை' தமிழ்நாட்டில் விசைப்பலகை, இலங்கையில் ஸ்விட்சுக்கு 'ஆளி'. தவிர, கைப்பிடி ஓட்டுநர் கையில் விடாமல் இருக்கும் ஒன்று. இங்கே வருவது விட்டு விட்டு வரும் தட்டு.

– க.

*

தம்பிமாரே,

'முறைக்குரல்' என்று எழுதத்தான் கையெடுத்தேன். இராக்காவலர் யாமத்துக்கு யாமம் குரல் கொடுப்பார். யாரும் கேட்டுக் கொடுப்பதில்லை. குரல் வராவிட்டால்தான் ஊர் விழிக்கும். மூன்று குணமும் பொருந்துகிறது. ஆனால் 'முறை' என்றதும் முறையீடு, முறையிடுதல் வந்து ஒட்டிக்கொள்கிறது. மனு கொடுக்க வந்தவன் அழுகிற மாதிரி கேட்கிறது. குரல் என்றால் ஒலிப்பதிவு என்று எண்ணவும் இடமுண்டு. நானே விட்டுவிட்டேன்.

செ. தம் கடைசி வரியில் தெரியாமலே ஒரு சொல்லைப் போட்டுவிட்டார்: தவணை. கடன் வாங்கிய எல்லாருக்கும் 'தவணை தவறியது' என்றால் வயிற்றைக் கலக்கும். கட்ட வேண்டியவர் வந்து கட்ட வேண்டும், வங்கி வீடு தேடி வராது. நாள் குறித்தது. தவறினால்தான் சேதி. விளக்கவுரை வேண்டாத சொல்.

– ந.

*

ஐயா, இதற்கு மேல் தேட வேண்டாம் என்று நினைக்கிறேன். இலங்கையில் பள்ளிக்கூடத்தில் முதலாம் தவணை, இரண்டாம் தவணை என்பார்கள்; அங்கேயும் கால அளவுதான், பொருள் முட்டவில்லை.

அனுப்பப்படும் அந்தச் சிறு தட்டுக்கு மட்டும் தனிப் பெயர் வேண்டும். 'தவணைச் செய்தி' என்றால் வங்கி எஸ்எம்எஸ் ஆகிவிடும். 'துடிப்பு' அங்கேயே இருக்கட்டும். இதயத்தை மட்டும் கழற்றிவிடலாம். 'பல்ஸ்' என்பதற்கு மின்னணுவியலில் ஏற்கெனவே அது வழக்கில் இருக்கிறது.

'கிரேஸ் டைம்' என்ன ஆவது? புஷ் முறையிலேயே இயங்கும் ஹெல்த்செக்ஸ் கருவியில் அது முக்கியமான புலம். தினசரிக் காப்புநகலுக்குத் தவணை 1 நாள், கிரேஸ் 1 மணி என்று வைப்போம். தவணை கடந்ததும் 'லேட்', கிரேஸும் கடந்தால்தான் 'டவுன்', அப்போதுதான் அறிவிப்பு. 'சலுகைக் காலம்' என்றால் தள்ளுபடி விற்பனை போல இருக்கிறது. 'பொறுப்பு நேரம்' யாருடைய பொறுப்பு என்று கேட்க வைக்கும்.

– ஜெ.

*

பொறுதி.

– ந.

*

பொறுதியே. 'கிரேஸ் டைம்' என்பதைவிட இரண்டு எழுத்து மிச்சம், கைபேசித் திரையிலும் மடியாது.

அப்படியானால் சரங்கள் இப்படி நிற்கின்றன. கூமா தானே தட்டிப் பார்ப்பது 'சோதிப்பு'. 'ஹார்ட்பீட் இண்டர்வல்' முதல் வகையில் 'சோதிப்பு இடைவெளி'. புஷ் வகையில் வழங்கி அனுப்புவது 'துடிப்பு', அதன் கால அளவு 'தவணை', தாமதத்துக்கு விடும் இடம் 'பொறுதி', வராதபோது 'தவணை தவறியது'. புஷ் வகையைத் தேர்ந்தவுடன் கீழே தெரியும் உதவி வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: "இந்த முகவரியை உங்கள் வழங்கி ஒவ்வொரு தவணையிலும் அழைக்க வேண்டும். நாங்கள் தேடி வரமாட்டோம்." இரண்டாவது வாக்கியம் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கிறது, இருக்கட்டும்.

ஒரு நடைமுறைத் தடை: கூமாவின் மூலநிரலில் இரண்டு வகைக்கும் ஒரே சரம்தான். வகைக்கேற்ப லேபிளைப் பிரிக்கும்படி கூமாவை எழுதுபவர்களிடம் கோரிக்கை வைக்க வேண்டும். அதுவரை பொதுச்சரத்தில் 'இடைவெளி' என்று மட்டும் போட்டு, வேறுபாட்டை உதவி வரியில் சொல்லிவிடலாம்.

அப்புறம், கூமா ப்ரோமிதியஸுக்குத் தரும் அளவீட்டுப் பக்கத்தின் உதவி வரைவில் 'ஸ்க்ரேப்' (அளவீடுகளை வந்து எடுத்துப்போவது) என்பதற்கு யாரோ 'சுரண்டல்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். "ப்ரோமிதியஸ் உங்கள் வழங்கியை 15 நொடிக்கு ஒருமுறை சுரண்டும்" என்று படித்தால் யார் நிறுவுவார்கள்? அதை எடுத்துவிட்டு 'அள்ளல்' என்று போட்டிருக்கிறேன். மறுப்பு இருந்தால் தனி இழையில் வாருங்கள்.

– க.