'ஆல்பம்' என்பதற்குப் 'பாட்டுக்கோவை'

அன்புள்ள குழுமத்தார்க்கு,

தனிப்பாடகர் ஒருவரின் பாப், ரிதம் அண்ட் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த இசைவகை) ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது 'இசைத்தொகுப்பு' என்றே சொல்லிவிடலாம் என்று பாளையங்கோட்டை அண்ணாச்சி எழுதியிருந்தார்கள். அச்சொல் நாளிதழ்களில் ஊன்றிவிட்டது என்பது உண்மைதான்; ஆயினும் என் மனம் ஒப்பவில்லை.

கேசட் காலத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில், பிடித்த பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் 60 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். பக்கம் முடியும் இடத்தில் கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவிலேயே அறுந்து நிற்கும். பல படங்களிலிருந்தும் பல குரல்களிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்த அந்தக் கேசட்தான் தொகுப்பு. அமெரிக்கப் பாடகி விட்னி ஹூஸ்டன் 1985இல் வெளியிட்ட முதல் ஆல்பம் அத்தகையதன்று. அதிலுள்ள 10 பாட்டுகளை எழுதியவர்களும் தயாரித்தவர்களும் பலர். எனினும் அவர் குரல் ஒன்றே அவற்றினூடே நூலாக ஓடுகிறது.

இந்த வேறுபாட்டுக்குரிய சொற்கள் நம் இலக்கியத்திலேயே இருக்கின்றன. 200க்கும் மேற்பட்ட புலவர்களின் பாட்டுகளைப் பிற்காலத்தார் ஒன்றுசேர்த்தது குறுந்தொகை, அது தொகை. மாணிக்கவாசகரின் திருக்கோவையாரிலோ 400 பாட்டுகள், ஒவ்வொன்றும் தனித்து நின்று பொருள் தந்தாலும், முதற்சந்திப்பு தொடங்கி ஒன்றன்பின் ஒன்றாக முறைப்படக் கோக்கப்பட்டுள்ளன, அது கோவை. ஆல்பத்திலும் எந்தப் பாட்டுக்குப் பின் எது வர வேண்டும் என்று எண்ணிப் பார்த்தே வரிசை அமைக்கிறார்கள். ஆகவே 'பாட்டுக்கோவை' என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

கோவை என்றால் கோயம்புத்தூர்தானே நினைவுக்கு வரும் என்று செங்கோட்டை அக்கா கேட்டிருந்தார்கள். தனித்து நின்றால் வரும். 'ஆசாரக்கோவை' என்னும்போது யாருக்கும் அந்த ஊர் நினைவுக்கு வருவதில்லை.

ஆங்கிலச் சொல்லுக்கும் இத்தனை பொருத்தம் இல்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போன்ற உறைப்புத்தகத்தில் அடுக்கி விற்றதால் வந்த பெயர் அது; 1948இல் நெடுந்தட்டு (எல்.பி.) வந்து எல்லாப் பாட்டும் ஒரே தட்டில் அடங்கிய பிறகும் பெயர் மாறவில்லை. வெறும் உறையின் பெயரை நாம் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

ரிதம் அண்ட் ப்ளூஸுக்கு வந்த 'தாளச்சோகம்' என்ற பரிந்துரையை மட்டும் ஏற்க வேண்டாம் என்று வேண்டுகிறேன். கறுப்பின மக்களின் இசைத்தட்டுகளை இனத்தைச் சுட்டும் பெயரால் பட்டியலிட்ட வழக்கத்தை மாற்றவே, அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்டில் பணியாற்றிய ஜெரி வெக்ஸ்லர் முன்வைத்த பெயரை அவ்விதழ் 1949இல் ஏற்றது. ப்ளூஸ் என்ற சொல் சோகத்தைக் குறிக்கும்; அந்த இசையில் துயரம் உண்டு. கேலியும் காதலும் துள்ளலும் உண்டு. நம் பக்கத்து அம்மன் கோயில் கொடைவிழாக்களில் வில்லுப்பாட்டுக்காரர் இசக்கியம்மன் கதையைப் பாடும்போது கூட்டம் கண் கலங்குகிறது. அதே இரவில் அவர் சொல்லும் வேடிக்கைக்குச் சிரிக்கவும் செய்கிறது. வில்லுப்பாட்டை நாம் ஒப்பாரி என்பதில்லை. எனவே இசைவகையின் பெயரை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்ளலாம்.

தனியாக வெளியாகும் ஒற்றைப் பாட்டுக்குத் 'தனிப்பாடல்' என்ற பழஞ்சொல்லே போதும். பலருடைய பாட்டுகளைச் சேர்த்து வெளியிடுவது 'பாட்டுத்தொகை' ஆகட்டும். நான்கைந்து பாட்டுகளே கொண்ட ஈ.பி.க்குக் 'குறுங்கோவை' பொருந்துமா என்பதை அக்கா பார்த்துச் சொல்ல வேண்டும்.