எண்ணெய் மேலே, வினிகர் கீழே: வினிக்ரெட் சேரவே மாட்டேன் என்கிறது

மன்னார்குடி மருமகள்:
பெண் புதுச்சேரியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் நாலு நாளாக அங்கே சாப்பிட்ட சாலட் புராணம்தான். மேலே ஊற்றுவது வினிக்ரெட்டாம், எண்ணெயும் வினிகரும்தானாம். அவ்வளவுதானே என்று இறங்கினேன். வீட்டில் இருந்த செக்கு நல்லெண்ணெயும் வெள்ளை வினிகரும் சரிபாதி எடுத்துக் கலக்கி, கடைசியில் உப்பும் மிளகுத்தூளும் போட்டு, வெள்ளரிப்பிஞ்சு மேல் ஊற்றினேன். புளிப்பு மூக்கில் ஏறியது, உப்பு அடியில் கரகரவென்று கிடந்தது. வீட்டுக்காரர் ஒரு வாய் வைத்துவிட்டு, "சீயக்காய் எங்கே?" என்றார். பெண் சிரிக்கக்கூட இல்லை. ஆலிவ் எண்ணெய் வாங்க எனக்கு மனசு வரவில்லை. இருப்பதை வைத்து வழி உண்டா?

கும்பகோணத்துக்காரன்:
சகோதரி, சீயக்காய் கேட்டதில் தப்பே இல்லை. செக்கில் எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவார்கள். அந்த வாசனை இட்லிப்பொடிக்கு அழகு, பச்சைக்காய்க்கு மேலே ஏறிவிடும். ஹோட்டல் சமையல்கட்டில் பல வருஷம் இதைக் கலக்கியவன் சொல்கிறேன்: எண்ணெய் 3 பங்கு, புளிப்பு 1 பங்கு. இரண்டரை மேசைக்கரண்டி கடலை எண்ணெய், அரைக் கரண்டி நல்லெண்ணெய், ஒரு கரண்டி எலுமிச்சைச் சாறு. வினிகர் பாட்டிலில் 'சிந்தெடிக்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அப்படியானால் அது அசிட்டிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது, மூக்கில் ஏறத்தான் செய்யும்.

உப்பு எண்ணெயில் கரையாது. அதனால் முதலில் சாற்றில் போட்டுக் கரைத்துவிடுங்கள்.

சேராத கதைக்கு மருந்து கடுகு. அரை டீஸ்பூன் கடுகை அம்மியில் பச்சைத்தண்ணீர் தெளித்து நைத்து, பத்து நிமிஷம் விடுங்கள். காரம் அப்போதுதான் கிளம்பும். வெந்நீர் ஊற்றினால் செத்துவிடும், எலுமிச்சையை முதலிலேயே பிழிந்தாலும் ஏறாது. கடுகுத் தோலில் உள்ள வழவழப்புதான் எண்ணெய்த் துளிகளைப் பிரியாமல் பிடித்து வைக்கிறது. அப்புறம் எல்லாவற்றையும் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடி, கை வலிக்கக் குலுக்குங்கள். பித்தளைப் பாத்திரம் மட்டும் வேண்டாம், புளிப்பு பட்டால் களிம்பு ஏறும். கொஞ்ச நேரத்தில் திரும்பப் பிரியும், அது குற்றமில்லை, மறுபடி குலுக்கினால் போதும். காயில் ஈரம் இருந்தால் ஒட்டாது, துணியில் ஒற்றிவிட்டுப் பரிமாறும்போது ஊற்றுங்கள்.

திருவையாற்றுப் பாட்டி:
இத்தனை பாடு எதற்கு? ராமநவமிக்குச் செய்கிற கோசுமல்லியில் எண்ணெய், எலுமிச்சை, கடுகு மூன்றும் இருக்கிறதே! பிரெஞ்சுக்காரனுக்குத் தாளிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கும்பகோணத்துக்காரன்:
பாட்டிம்மா சொன்னால் மறுப்பேது! ஆனால் தாளித்த கடுகு வெடித்து வாசனை தரும், எண்ணெயைப் பிடித்து வைக்காது. அது வேறு வேலை.

ஒரத்தநாடு:
பூண்டு தட்டிப் போடுகிறவர்கள் அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பச்சைப்பூண்டை எண்ணெயில் போட்டு வெளியே வைத்தால் விஷக்கிருமி வளரும், வாசனையில்கூடத் தெரியாது.

மன்னார்குடி மருமகள்:
செய்துவிட்டேன். அம்மி தூக்கச் சோம்பல், மிக்ஸியில் அரைத்தேன். கடுகு கசந்தது. அரை டீஸ்பூன் தேன் விட்டதும் அடங்கியது. கலவை மஞ்சளாக, மோர்க்குழம்பு மாதிரித் திக்காக நின்றதைப் பார்த்து எனக்கே நம்பிக்கை வரவில்லை. வெள்ளரிப்பிஞ்சு, தக்காளி, சின்ன வெங்காயம். "அங்கே சாப்பிட்ட மாதிரி இல்லைம்மா" என்றாள் பெண், கிண்ணத்தைக் கீழே வைக்காமலே. பாட்டிலில் மிஞ்சியதை வீட்டுக்காரர் ராத்திரி இட்லிக்குத் தொட்டுக்கொண்டார். இந்தத் தடவை சீயக்காய் கேட்கவில்லை.