மூடியைப் பிடுங்கிக்கொண்டு பாட்டிலை மட்டும் கொடுப்பது ஏன்? இங்கிலாந்து ஸ்டேடியம் விதிகள் பற்றி

கார்னர்கொடி:

லண்டனில் ஒரு பிரீமியர் லீக் கால்பந்துப் போட்டிக்குப் பதினோரு பேர் கிளம்புகிறார்கள். அவர்களுக்காகக் கேட்கிறேன். பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் வாடகைக்குப் பேசியாகிவிட்டது.

உள்ளே கடையில் தண்ணீர் வாங்கினால் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு பாட்டிலை மட்டும் கையில் கொடுக்கிறார்களாமே, எதற்கு? ஆபத்து என்றால் பாட்டிலையே அல்லவா பிடுங்க வேண்டும்? அடுத்தது பீர். ஸ்டேடியத்துக்குள்ளேயே விற்கிறார்கள், ஆனால் இருக்கைக்குக் கொண்டுபோனால் குற்றம். ஜெர்மனியில் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறார்கள். இங்கே மட்டும் என்ன வந்தது? இன்னொன்று: குழுவில் ஒருவர் இன்சுலின் போடுபவர். கையில் ஜூஸ் இல்லாமல் எங்கும் போகமாட்டார். அவர் என்ன செய்வது?

"பாதுகாப்புக்காக" என்ற ஒற்றை வார்த்தைப் பதில் வேண்டாம். காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடக்கு_கேலரி:

மூடி விஷயத்தை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். பீர் பற்றிச் சண்டை போட இங்கே ஆள் இருக்கிறது.

அரை லிட்டர் பாட்டில் தண்ணீரோடு சேர்த்து 520 கிராம் அளவு வரும். மூன்று கிரிக்கெட் பந்துகளைச் சேர்த்துக் கட்டினாலும் அந்த எடை வராது. மூடி இறுகியிருந்தால் அது கல் மாதிரிதான் பறக்கும். 20 மீட்டர் உயர மேல் அடுக்கிலிருந்து கை நழுவி விழுந்தாலே கீழே வந்து சேரும்போது மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகம் இருக்கும். குறிபார்த்து எறியவே வேண்டாம், கீழ் அடுக்கில் உட்கார்ந்திருப்பவர் மண்டைக்கு அது போதும்.

அதே பாட்டில் காலியாக இருந்தால் இருபது கிராம் அளவுதான். எவ்வளவு ஓங்கி வீசினாலும் காற்றே அதைப் பிடித்து நிறுத்திவிடும். மூடி இல்லாத நிறைந்த பாட்டில் இந்த இரண்டுக்கும் நடுவில். வீசியதும் குட்டிக்கரணம் போடும், தண்ணீர் சிதறும், எடை குறையும், குறி தப்பும். முக்கியமாக, கையை ஓங்கும்போதே வீசுகிறவன் தலையிலும் பக்கத்து வரிசையிலும் கொட்டும். யார் வீசியது என்று கேமராவில் தேட வேண்டாம், நனைந்தவர்களே காட்டிக்கொடுப்பார்கள்.

ஆனால் இதில் ஓர் ஓட்டை உண்டு. பாட்டிலின் கழுத்து குறுகல். காற்று உள்ளே புகுந்தால்தான் தண்ணீர் வெளியே வரும். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் களக் களக் என்று விட்டு விட்டுத்தானே வருகிறது? ஆகவே ஐந்தாறு மீட்டர் தூரத்துக்குள் வீசினால் பாதிக்கு மேல் தண்ணீர் உள்ளேயே இருக்கும். கார்னர் கொடிக்கும் முதல் வரிசைக்கும் பல ஸ்டேடியங்களில் அவ்வளவுதான் இடைவெளி. (கேள்வி கேட்டவர் பெயருக்கு மன்னிக்கவும்.) 2021 நவம்பர் 21 அன்று பிரான்ஸின் லியோன் மைதானத்தில் மார்செய் வீரர் திமித்ரி பயே கார்னர் அடிக்கப் போனபோது தலையில் விழுந்தது ஒரு தண்ணீர் பாட்டில். ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதோடு கைவிடப்பட்டது. லியோனுக்கு ஒரு புள்ளி வெட்டு, மறு ஆட்டம் ரசிகர்கள் இல்லாமல். அடுத்த மாதமே பிரெஞ்சு அரசு ஸ்டேடியங்களில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை அறிவித்தது.

இந்த ஓட்டையால்தான் யூயேஃபா (ஐரோப்பியக் கால்பந்து அமைப்பு) போட்டிகளில் பானம் எல்லாமே பேப்பர் கப்பிலோ திறந்த பிளாஸ்டிக் கப்பிலோதான் தரப்பட வேண்டும். மூடியைக் கழற்றுவது அரைத் தீர்வு, கப்பில் ஊற்றித் தருவதுதான் முழுத் தீர்வு. கப்பில் ஊற்ற நேரம் ஆகும், வரிசை நீளும் என்பதால் மற்றப் போட்டிகளில் கடைக்காரர்கள் மூடியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இப்போது அதிலும் ஒரு தொல்லை. 2024 ஜூலை 3 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும் என்று விதி. அதே மாதிரி பாட்டில்கள் பிரிட்டனிலும் விற்பனைக்கு வருகின்றன. அந்த மூடியைத் திருகி இழுத்துப் பிய்த்தால்தான் கழன்று வரும்.

சட்டை_எண்_5:

பீருக்கும் வேனுக்கும் வருகிறேன். வேன்தான் உங்களுக்கு அவசரம்.

சட்டத்தின் பெயர் விளையாட்டு நிகழ்ச்சிகள் (மதுக் கட்டுப்பாடு) சட்டம், 1985. அதன்படி, எட்டுப் பயணிகளுக்கு மேல் ஏற்றும்படி அமைத்த வண்டி போட்டிக்குப் போவதற்கென்றே ஓடுகிறது என்றால் அதற்குள் மது இருக்கவே கூடாது. திறக்காத டப்பாவும் மதுதான். போகும்போது மட்டுமல்ல, திரும்பும்போதும் இதே கதை. உங்கள் பன்னிரண்டு இருக்கை வேன் இதில் நேராக விழுகிறது. பதினோரு பேர்தானே, மூவர் ரயிலில் வந்துவிட்டால் எட்டாகிவிடுமா என்று கணக்குப் போடாதீர்கள். எத்தனை பேர் ஏறினார்கள் என்பதல்ல, வண்டி எத்தனை பேருக்கானது என்பதுதான் கேள்வி. குடித்தவர் மட்டுமல்ல, தெரிந்தே அனுமதித்த ஓட்டுநரும் வண்டிக்காரரும் மாட்டுவார்கள்.

ஸ்டேடியத்துக்குள்ளே, ஆட்டம் நேரடியாகத் தெரியும் எந்த இடத்திலும் மது வைத்திருப்பது குற்றம். கிக்-ஆஃபுக்கு 2 மணி நேரம் முன்பு தொடங்கி ஆட்டம் முடிந்து 1 மணி நேரம் வரை இது பொருந்தும். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒன்றரை மணி நேரம் முன்பே போய், ஆளில்லாத கேலரியில் கப்போடு உட்கார்ந்து புல்லைப் பார்த்தாலும் குற்றம்தான். கேலரிக்குப் பின்னால் இருக்கும் கான்கோர்ஸில், அதாவது கடைகளும் கழிப்பறையும் உள்ள நடைபாதையில், அதே கப் சட்டப்படி சரி. படி ஏறும் வாசலில் ஸ்டூவர்ட் (மைதானக் காவல் ஊழியர்) நிற்பது அதற்காகத்தான்.

மது வைத்திருந்தால் 1,000 பவுண்ட் வரை அபராதம், அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். குடிபோதையில் உள்ளே இருந்தாலோ நுழைய முயன்றாலோ 500 பவுண்ட் வரை. பணம்கூடப் பெரிதல்ல. இந்தச் சட்டத்தில் தண்டனை பெற்றால் நீதிமன்றம் போட்டிகளுக்கே போக முடியாதபடி கால்பந்துத் தடையாணை போடலாம், குறைந்தது 3 ஆண்டு.

இதே சட்டம் மது தவிர வேறொன்றையும் பிடிக்கிறது. பாட்டில், டப்பா போன்று, குடித்துவிட்டு வீசியெறியும் வகைப் பாத்திரம், மேலே பட்டால் காயம் ஏற்படுத்தும் என்றால், உள்ளே இருப்பது வெறும் கோலாவாக இருந்தாலும் கொண்டுவரக் கூடாது. நசுக்கியோ உடைத்தோ வைத்திருந்தாலும் சேர்த்தி. மருந்துப் பாத்திரத்துக்கு விலக்கு உண்டு.

ரூர்_பக்கம்:

ஜெர்மனியில் எல்லாம் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே அரை லிட்டர் கப், திருப்பிக் கொடுத்தால் கப்புக்குக் கட்டிய முன்பணம் வாபஸ். கலவரம் வரலாம் என்று போலீஸ் கருதும் ஆட்டங்களில் ஆல்கஹால் குறைந்த பீரோ அறவே இல்லாத பீரோதான்.

கப் என்றால் ஆபத்தில்லை என்பதும் சரியல்ல. திரும்பத் திரும்பக் கழுவிப் பயன்படுத்தும் கப்பின் பிளாஸ்டிக் கெட்டி, விளிம்பு தடிமன். 2011 ஏப்ரல் 1, சாங்க்ட் பவுலி–ஷால்கே ஆட்டம்: பீர் கப் லைன்ஸ்மேன் மேல் விழுந்து, முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது ஆட்டம் நின்றது. 2022 மார்ச் 18, போஹும்–கிளாட்பாக் ஆட்டம்: மறுபடியும் லைன்ஸ்மேன், மறுபடியும் கப். கிளாட்பாக் 2–0 என்று முன்னணியில் இருந்தது, அதே கணக்கில் வெற்றி அதற்கே கொடுக்கப்பட்டது.

நிறைந்ததா காலியா என்பது ஏன் பெரிய கேள்வி என்று புரிய 1971 அக்டோபர் 20க்குப் போங்கள். ஐரோப்பியக் கோப்பையில் கிளாட்பாக் இன்டர் மிலானை 7–1 என்று நொறுக்கியது. ஆட்டத்தின் நடுவில் இன்டரின் போனின்செக்னா மேல் ஒரு கோலா டப்பா விழுந்தது, அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். டப்பா காலி என்றார்கள் ஜெர்மன்காரர்கள், நிறைந்தது என்றார்கள் இத்தாலியர்கள். யூயேஃபா அந்த முடிவையே ரத்து செய்தது. மிலானில் 4–2 என்று தோற்ற கிளாட்பாக், பெர்லினில் வைத்த மறு ஆட்டத்தில் 0–0 எடுத்து வெளியேறியது. ஒரு டப்பாவுக்கு ஏழு கோல் போச்சு.

பழைய_டெரஸ்:

மூடி விதிக்கு நானும் கை தூக்குகிறேன். பீர் விதிக்கு மாட்டேன். இரண்டையும் ஒரே கூடையில் போடாதீர்கள். முன்னது எடை, வேகம் சம்பந்தப்பட்டது. பின்னது 1985இன் பயம்.

அந்த ஆண்டு மார்ச்சில் லூட்டனில் மில்வால் ரசிகர்கள் கலவரம், மே 11 பிராட்ஃபோர்டு தீ, மே 29 பெல்ஜியத்தின் ஹெய்செல் மைதானத்தில் ரசிகர் கலவரத்தில் உயிர்ப்பலி. ஜூலையில் சட்டம். பிராட்ஃபோர்டில் எரிந்தது மரக் கேலரிக்கு அடியில் சேர்ந்திருந்த குப்பை, பீர் அல்ல. நான்கு வருடம் கழித்து ஹில்ஸ்பரோவில் நெரிசலில் மக்கள் செத்தபோதும் போலீஸ் முதலில் கையைக் காட்டியது குடிகார ரசிகர்கள் பக்கம்தான். அது பொய் என்று 2012இல் சுயாதீனக் குழுவும் 2016இல் விசாரணை நடுவர்களும் சொல்ல வேண்டியிருந்தது. செத்த 97 பேரின் குடும்பங்கள் சுமந்த பழி அது.

இந்த விதி நடைமுறையில் செய்வது என்ன? ஹாஃப் டைம் 15 நிமிடம். அதற்குள் இறங்கி, வரிசையில் நின்று, வாங்கி, கான்கோர்ஸிலேயே மடமடவென்று விழுங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். மெதுவாக ஒன்றைக் குடிக்க வேண்டியவன் அவசரமாக இரண்டு குடிக்கிறான். பழைய ஸ்டேடியங்களில் கான்கோர்ஸ் குறுகல், படிக்கட்டு வாயில் அதைவிடக் குறுகல். நெரிசலைத் தடுக்க வந்த விதியே நெரிசலை உண்டாக்குகிறது. 2021இல் டிரேசி கிரவுச் தலைமையிலான ரசிகர் ஆய்வு, நான்காம் ஐந்தாம் டிவிஷனில் இருக்கையில் குடிக்கவிட்டுச் சோதித்துப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்ததும் இதனால்தான். ஆண்கள் ஆட்டத்தில் அது நடக்கவில்லை. பெண்கள் ஆட்டத்தில் 2025 ஜனவரியில் சில கிளப்புகளில் சோதனை தொடங்கியது.

அதே ஸ்டேடியம், அதே இருக்கை, ரக்பி என்றால் கப்போடு உட்காரலாம். சட்டம் புல்லைப் பார்ப்பதில்லை, பந்தின் வடிவத்தைப் பார்க்கிறது!

வடக்கு_கேலரி:

நெரிசல் வாதம் சரி. ஆனால் கப்பை இருக்கைக்கு விட்டால் ஏறி இறங்கும் கூட்டம் ஹாஃப் டைமோடு நிற்காது, 90 நிமிடமும் நடக்கும். ஒவ்வொரு முறையும் வரிசையில் இருபது பேர் எழுந்து வழிவிட வேண்டும், படியில் பீர் சிந்தும், வழுக்கும். கோல் விழுந்த நொடியில் கைகள் மேலே போகும்போது கப்பில் இருப்பதெல்லாம் முன்வரிசைப் பிள்ளைகள் தலையில். சோதித்துப் பார்க்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, முதலில் அகலமான படிக்கட்டு உள்ள இடத்தில் சோதிக்கட்டும்.

பழைய_டெரஸ்:

ஏற்றுக்கொள்கிறேன், படிக்கட்டு வரைக்கும். பாக்ஸில், அதாவது ஆட்டம் தெரியும் தனி அறையில், உட்காரும் பணக்காரருக்கு மட்டும் தடை கிக்-ஆஃபுக்கு 15 நிமிடம் முன்பிருந்து ஆட்டம் முடிந்து 15 நிமிடம் வரைதானே, பொதுக் கேலரிக்கு ஏன் இரண்டு மணி நேரம் என்பதற்கும் யாராவது இயற்பியல் சொல்லுங்கள்.

ஸ்டூவர்ட்_பக்கம்:

இன்சுலின் போடுபவர் பற்றி யாரும் பேசவில்லையே.

டிக்கெட் கிடைத்த உடனே கிளப்பின் மாற்றுத்திறனாளி அணுகல் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். போட்டித் தேதி, இருக்கை எண், என்ன கொண்டுவருகிறார் (ஜூஸ் எத்தனை மில்லி, எந்த வகை டப்பா, ஊசி, குளுக்கோஸ் மாத்திரை) என்று தெளிவாக எழுதுங்கள். வரும் பதிலை அச்செடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் போனில் தேடினால் வரிசை நிற்கும். கண்ணாடி பாட்டில், உலோக டப்பா வேண்டாம். அட்டைப் பெட்டி ஜூஸ் 200 மில்லி இரண்டு எடுத்துவந்தால் பொதுவாகச் சிக்கல் வராது. மருந்துப் பாத்திர விலக்கு ஜூஸுக்கும் பொருந்தும் என்று ஸ்டூவர்டிடம் வாதாட வேண்டாம், முன்கூட்டியே வாங்கிய ஒப்புதல்தான் வேலை செய்யும். பல ஸ்டேடியங்களில் பை ஏ4 அளவைத் தாண்டக் கூடாது, எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

மற்றவர்களுக்கு ஒன்று. இங்கிலாந்தில் மது உரிமம் உள்ள கடையில் குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். "டாப் வாட்டர்" என்று சொல்லிக் கேளுங்கள், கப்பில் வரும், மூடிப் பிரச்சினையே இல்லை.

டோட்டன்ஹாம் மைதானமாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அங்கே பீர் கப்பின் அடியிலிருந்து நிரம்பும். அடியில் ஓட்டை, அதை ஒரு காந்தத் தட்டு மூடியிருக்கும். அது என்ன என்று கீழேயிருந்து விரலால் அழுத்திப் பார்த்தால் மொத்தமும் காலில்.

கார்னர்கொடி:

எல்லோருக்கும் நன்றி. வேனில் ஐஸ் பெட்டி வைக்கலாம் என்றிருந்தார்கள், அதை ரத்து செய்யச் சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும்: வீட்டிலிருந்து உதிரி மூடி ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தால்? இன்னொன்று, நம் ஊரில் பாட்டிலுக்குப் பதில் தண்ணீர் பாக்கெட் விற்கிறார்களே, அது மேலா?

வடக்கு_கேலரி:

உதிரி மூடி பழைய தந்திரம், ஸ்டூவர்டுகளுக்கும் தெரியும். பார்த்தால் பாட்டிலோடு போய்விடும். ஆனாலும் விதி வீண் இல்லை. பாட்டில் வீசுபவர்களில் பெரும்பாலோர் திட்டம் போட்டு வருவதில்லை. ரெஃப்ரி பெனால்டி கொடுக்காத அந்த மூன்று நொடியில் கையில் எது இருக்கிறதோ அது பறக்கும். மூடி தேடி எடுத்துத் திருகுவதற்குள் ஆட்டம் அடுத்த பக்கம் போயிருக்கும்.

பாக்கெட் மேல் இல்லை. 200 மில்லி என்றால் 200 கிராம், நாலு பக்கமும் ஒட்டியது. மூடிய பாட்டிலின் தம்பிதான். மூலையைக் கடித்துத் திறந்த பிறகு கொடுத்தால் சரி, ஆனால் கடித்துக் கொடுக்கக் கடைக்காரர் வேண்டுமே.