கல்லடிக் கடற்கரைப் பழைய பங்களா: துரைசாணிப் பேய் கதை தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

உப்போடைப் பொடியன்:
மட்டக்களப்புக் கல்லடியில் கடலைப் பார்த்தபடி நாலு தூணும் ஒரு கிணறுமாகக் கிடக்கிற பழைய மாடி வீட்டைப் பற்றிக் கேட்கிறேன். அங்கே ஒல்லாந்துத் துரைசாணி ஒருத்தி மாடியில் நடப்பாளாம், வருவதற்கு முன்னால் ஒரு வாசனை வருமாம், விளங்காத பாஷையில் பாடுவாளாம். அம்மம்மா சொன்னது இவ்வளவுதான். யூடியூப்பில் ஒரு வீடியோ போட யோசனை. யாழ்ப்பாணத்து நண்பனிடம் சொன்னேன், "வந்த ஆளை மந்திரத்தால் பாயோடு ஒட்ட வைக்கிற ஊரில் பேய்க்கா பஞ்சம்" என்று சிரிக்கிறான். விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாலமீன்மடு:
முதலில் ஒல்லாந்தரை விடுங்கள். அவர்கள் 1638இல் போர்த்துக்கேயரிடம் பிடித்த கோட்டை வாவிக்கு அக்கரையில், புளியந்தீவில் இருக்கிறது. கல்லடிப் பாலமே 1920களில்தான் வந்தது, அதற்கு முன் தோணிதான். கடற்கரை மணலில் மாடி வீடு என்றால் இங்கிலீசுக்காரன் காலமாகத்தான் இருக்க வேண்டும்.

அந்தப் பாட்டு, எங்கள் வாவியில் பாடும் மீனின் சத்தமாக இருக்கலாம். நிலாக் காலத்தில் துடுப்பை வாவிக்குள் விட்டு மேல் நுனியில் காதை வைத்தால் கேட்கும். விபுலானந்த அடிகள் யாழ் நூலில் அதை நீரரமகளிர் பாட்டாகவே எழுதியிருக்கிறார்.

டச்பார் ஓடாவி:
மீன் பாடுவது வாவியில், பாலத்தடியில். கடல் இரைச்சலுக்குள் அது எங்கே கேட்கப்போகிறது?

தம்பி, நான் போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கிச் சனம், பரம்பரையாகத் தச்சு வேலை. 78ஆம் ஆண்டு கார்த்திகைச் சூறாவளி அந்த வீட்டுக் கூரை ஓடுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போன பிறகு, கூரை வேலைக்கு அப்பாவோடு எடுபிடியாகப் போனவன். சீலிங் பலகை ஒன்றைக் கழற்றினோம். உள்ளே மரநாய் ஒன்று, இரண்டு குட்டிகளோடு. பலகை முழுக்கக் காய்ந்த எச்சம், எச்சம் நிறையப் பழக்கொட்டை. மரநாய் பலகையில் நடந்தால் கீழே இருப்பவனுக்கு ஆள் நடக்கிற மாதிரியே இருக்கும், நாலு அடி வைக்கும், நிற்கும், மறுகா நாலு அடி. வாசனையும் அதனுடையதுதான். ரம்பை இலை அவித்த மாதிரி அடிக்கும். அப்பா மூக்கைச் சுளித்து, "இந்தா உன்ர துரைசாணி" என்றார்.

பாட்டைச் சொன்னால் எங்கள் ஆட்கள் கோபிப்பார்கள், சரி, சொல்லிவிடுகிறேன். அந்த வளவுக்குப் பின்வேலியோடு எங்கள் மாமிமார் இருந்தார்கள். வீட்டில் போர்த்துக்கீசம்தான் பேச்சு. கலியாண வீடு என்றால் விடிய விடிய வயலின் அடித்து அந்தப் பாஷையில் பாட்டு. காற்று மாறி அடித்தால் றோட்டில் போகிறவனுக்கு அது பேய்ப்பாட்டு. மாமிக்கு இது தெரியும், இரவில் மாங்காய் களவு குறைந்தது என்று பேசாமல் இருந்துவிட்டார்.

90க்குப் பிறகு கதை வேறு. இருட்டினால் ஒருவரும் வெளியே வராத யுத்த காலம். வேலியோரம் காலடி கேட்டால், "துரைசாணி போறா, சத்தம் போடாமல் படு" என்று பிள்ளைகளை அடக்கினோம். நடந்தது யார் என்று எட்டிப் பார்க்கிற காலமா அது? அம்மம்மா பயந்தது எந்தத் துரைசாணிக்கு என்று எனக்கு விளங்குகிறது.

காரைதீவு அக்கா:
ஓடாவி அண்ணன், எல்லாவற்றுக்கும் மரநாய் என்று சொல்ல ஏலாது. சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு இரவில் கடல் பக்கமிருந்து கூப்பிடுகிற சத்தம் கேட்டது. என் தங்கைக்கும் கேட்டது. கண்ணகை அம்மன் கோயிலில் நூல் கட்டின பிறகுதான் படுத்தாள்.

டச்பார் ஓடாவி:
அதற்கு நான் மரநாய் சொல்லவில்லை, தங்கச்சி. அந்த மார்கழி 26இல் டச்பாரில் எங்கள் சனத்தில் எத்தனை பேர் போனார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அப்புறம் சத்தம் கேட்டவர்கள் தங்கள் பிள்ளையின் குரலைக் கேட்டவர்கள். அதைப் பேய்க்கதையோடு சேர்க்கக் கூடாது. தம்பி, உன் வீடியோவிலும் சேர்க்காதே.

உப்போடைப் பொடியன்:
சேர்க்க மாட்டேன் அண்ணன். ஆனால் மரநாயையும் போர்த்துக்கீசப் பாட்டையும் வைத்து வீடியோ போட்டால் யார் பார்ப்பார்கள்?

டச்பார் ஓடாவி:
அது உன் பாடு. அந்தப் பாட்டு நாலைந்து தெரிந்த ஒரு மாமி இன்னும் இருக்கிறார், கேட்டால் பாடுவார். பின்னேரம் வா, இரவில் வராதே. கிணற்றுக்குக் கட்டு இல்லை, சுற்றிவர எருக்கலை பத்திக் கிடக்கிறது.