4 வருஷம் நின்ன வண்டி, சோக் போட்டா மட்டும் ஓடுது

அண்ணன்மாரே ஒரு ஹெல்ப். அப்பாவோட பழைய 100 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி, மாட்டுக்கொட்டாய்ல 4 வருஷமா சாக்கு போத்தி நின்னுச்சு. போன வாரம் டேங்க தொறந்தா பெட்ரோல் டீ டிகாஷன் கலர்ல இருக்கு, வார்னிஷ் நாத்தம், கூடவே துருத்தூளு. புது பெட்ரோல், 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு பெட்ரோலோட சேர்ற ஆயில்), பிளக் எல்லாம் போட்டு, ஏர் ஃபில்டர்ல எலி கட்டுன கூட்டையும் (!) எடுத்துட்டு 30 கிக் அடிச்சதுல ஸ்டார்ட் ஆச்சு, ஆனா சோக்க (காத்த கொறைச்சு பெட்ரோல் அதிகமா போக வைக்குற லிவர்) எடுத்தா ஆஃப், ஐட்லிங்கே நிக்கல, ரேஸ் குடுத்துட்டே இருந்தாதான் ஓடுது. மெக்கானிக் கார்புரேட்டர கழட்டி காத்தடிச்சு குடுத்தாரு, ரெண்டு நாள் நல்லா போச்சு, திரும்ப அதே கதை. டேங்க் துரு எறங்கி பைலட் ஜெட்ட (கார்புரேட்டர்ல ஐட்லிங்குக்கு பெட்ரோல் விடுற சின்ன ஓட்டை) அடைக்குதா, இல்ல கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்குற ரப்பர் வெடிச்சு காத்து இழுக்குதா, எப்டி கண்டுபுடிக்கிறது? டேங்க்ல வினிகர் ஊத்தி துரு எடுத்தவங்க இருந்தா எத்தன நாள் ஊறணும்னு சொல்லுங்க. வித்துடுன்னு மட்டும் சொல்லாதீங்க, அது வீட்லயே தெனம் கேக்குறேன்.