சத்தம் அடியில், கோளாறு மேலே

ஈசூன்வாசி:

என் கார் 2009இல் பதிவானது. 1600 சிசி, ஜப்பான் வண்டி. பத்து வருஷம் முடிந்தபோது "விட்டுத் தொலையுங்கள்" என்றுதான் வீட்டில் சொன்னார்கள். நான்தான் பிடிவாதமாக சிஓஇ-யை (சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) இன்னும் பத்து வருஷத்துக்குப் புதுப்பித்தேன். அதனால் வண்டி முனகினால் வெளியே சொல்லவும் முடியாது.

முனகல் முதலில் கேட்டது எங்கள் புளோக்கின் மாடி கார்பார்க்கில். நான்காவது தளத்துக்கு ஏறும்போது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி அடியிலிருந்து கலகலவென்று வந்தது. சாலையில் மற்ற இரைச்சலில் அமுங்கிவிடும். கார்பார்க்கில் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் நன்றாகக் கேட்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, அப்படி ஏறிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை.

வீட்டுப் பக்கத்துப் பட்டறையில் காட்டினேன். புகைக்குழாய்க்கு மேலே இருக்கும் வெப்பத் தடுப்புத் தகடு துருப்பிடித்து ஆடுகிறது என்று ஒரு கிளிப் போட்டு இறுக்கினார்கள். 40 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). சத்தம் பாதி குறைந்தது. அந்தப் பாதியில்தான் நான் ஏமாந்தேன். தகடு ஆடியது உண்மை, ஆனால் ஆடியது அது மட்டும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, புக்கிட் தீமா விரைவுச்சாலையில் விலங்குகள் கடக்கும் அந்தப் பசுமைப் பாலத்தை நெருங்கும்போது பிக்கப் சுத்தமாகப் போய்விட்டது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினாலும் 70ஐத் தாண்டவில்லை. குலுங்கவில்லை, நிற்கவுமில்லை. வாயில் துணியை அடைத்துவிட்டு ஓடச் சொன்ன மாதிரி மூச்சுத் திணறியது. பின்னால் வந்த லாரி ஹார்ன் அடித்தே என்னை இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே, மழை பெய்த காலை நேரங்களில் இஞ்சின் விளக்கு இரண்டு மூன்று முறை மின்னி மின்னி அணைந்தது. தானாக அணைந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும். மின்னினால் அப்போதே வேகத்தைக் குறைத்து ஓரங்கட்ட வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது.

கார் பட்டறைகள் இருக்கும் சின் மிங்கில் வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் சத்தம் எங்கே என்று கேட்கவே இல்லை, எப்போது என்றுதான் கேட்டார். காலையில் ஸ்டார்ட் செய்ததுமா, சூடான பிறகா? நின்றுகொண்டு ரேஸ் செய்தால் வருகிறதா, ஏற்றத்தில் இழுக்கும்போது மட்டுமா? வேகம் கூடினால் சத்தமும் கூடுகிறதா? ஐந்து நிமிடம் வாயால் கேட்டுவிட்டு அப்புறம்தான் ஸ்கேனரைச் செருகினார். இரண்டு கோளாறுக் குறியீடுகள் வந்தன. பி0420, அதாவது புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. பி0302, இரண்டாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை.

அடுத்து அவர் செய்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது சிலிண்டரில் பிளக் பொறி விட மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார், மூன்றாவதை இரண்டாவதில். குறியீடுகளை அழித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வந்தோம். இப்போது பி0303! கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது, ஆகவே குற்றவாளி காயில்தான். இரண்டிலேயே நின்றிருந்தால் பிளக், இன்ஜெக்டர் என்று தேட வேண்டியிருக்கும். எந்தப் பாகமும் வாங்காமல் தெரிந்துகொண்டது இது.

கன்வெர்ட்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க, அதற்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜைத் திருகினார். 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ-க்குள் இருக்க வேண்டுமாம். என் வண்டி 6ஐத் தாண்டியது. ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரை ஒரு தட்டுத் தட்டினார். கலகல. என் கூழாங்கல்!

நடந்தது இதுதான். மேலே காயில் வயதாகிப் பொறி விடாமல் போனது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியாகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்தது. உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் அந்தச் சூட்டில் உருகி உடைந்தது. உடைந்த துண்டுகள் சத்தம் போட்டன, உருகிய பகுதி புகை போகும் வழியை அடைத்தது. புகை வெளியே போனால்தானே புதுக் காற்று உள்ளே வரும். காயிலை மாற்றாமல் கன்வெர்ட்டரை மட்டும் மாற்றியிருந்தால் புதியதும் அதே வழியில் போயிருக்கும்.

நான்கு காயில், நான்கு பிளக், வெளிச்சந்தைக் கன்வெர்ட்டர் (கார் கம்பெனியுடையது அல்ல), கூலி எல்லாம் சேர்ந்து ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி. நண்பர் ஒருவர் "உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டு வெறும் டப்பாவை மாட்டு, யாருக்குத் தெரியும்" என்றார். பத்து வயது தாண்டிய காருக்கு இங்கே வருஷா வருஷம் சோதனை, புகையையும் அளப்பார்கள். 14 வயது தாண்டினால் சாலை வரியே ஒன்றரை மடங்கு. இதற்கு மேல் வம்பையும் விலைக்கு வாங்குவானேன்.

உட்லண்ட்ஸ் வேன்காரர்:

என் கதை வேறு மாதிரி. மழை பெய்த காலையில் ஸ்டார்ட் செய்தால் பூனையை மிதித்தது போல ஒரு கீச்சல், இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும். ஆறு மாதம் அதோடு குடும்பம் நடத்தினேன். ஒருநாள் ராத்திரி விரைவுச்சாலையில் ஹெட்லைட் மங்கி, ஸ்டீயரிங் கல்லாகி, இஞ்சினும் நின்றது. பெல்ட் தேய்ந்து வழுக்கியதால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. பாட்டரி குற்றுயிராக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, கடைசியில் பெல்ட்டும் அறுந்துவிட்டது. நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து பக்கத்துக் கார்பார்க் வரை இலவசமாக இழுத்துப் போனது. அதற்கு மேல் இழுப்பது நம் செலவு. இப்போது 15 வெள்ளி மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். இஞ்சின் ஓடும்போது பாட்டரியில் 14 வோல்ட் பக்கம் காட்டினால் நிம்மதி.

தெம்பனிஸ்காரர்:

எனக்குப் பின் சீட்டுக்கு அடியில் கொசு மாதிரி ஙொய் என்று ஒரு சத்தம், கூடவே இழுவை குறைவு. வேடிக்கை என்னவென்றால் எல்லை தாண்டி மலேசியாவில் இருக்கும் ஜொகூர் போகும் நாளில் வரவே வராது. வார நாளில் வேலைக்குப் போனால் வரும். மாமியார் வீட்டுக்குப் போனால் வண்டிக்கும் மரியாதை வந்துவிடுகிறது என்று மனைவி கிண்டல் செய்தாள். மெக்கானிக்தான் முடிச்சை அவிழ்த்தார். ஜொகூருக்குக் கடற்பாலம் தாண்ட, சிங்கப்பூர் வண்டியின் டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது விதி, அதனால் அன்றைக்கு நிரப்பியிருப்பேன். மற்ற நாளில் சிவப்புக் கோடு வரை இறக்கிவிடுவேன். பம்ப் டாங்கிக்குள்ளே பெட்ரோலில் மூழ்கித்தான் சூடு தணிகிறது. அடிமட்டத்தில் ஓட்டி ஓட்டி அதைக் கெடுத்தது நான்தான். பம்ப் மாற்றியாகிவிட்டது. இப்போது கால் டாங்கிக்குக் கீழே விடுவதில்லை.

புதிதாக ஒன்று கேட்கிறேன். அதே வண்டியில் காலையில் டிக் டிக் என்று முன்பக்கம் ஒரு சத்தம், ஐந்து நிமிடத்தில் போய்விடுகிறது. வீடியோ எடுத்துப் போடவா?

ஈசூன்வாசி:

சூடானதும் போகிறது என்றால் புகைக்குழாய் இஞ்சினோடு சேரும் இடத்தை அடைக்கும் கேஸ்கெட் கசியலாம், உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும். ஆனால் ஆயில் குறைந்தாலும் அப்படித்தான் டிக் டிக் என்று கேட்கும். வீடியோ அப்புறம் எடுக்கலாம். நாளைக் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு ஆயில் குச்சியை உருவித் துடைத்துவிட்டு, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள்.