ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள்: உறுப்பினர் அனுபவங்கள்

கோயம்புத்தூரில் ஒரு துணிக்கடையில் ஏழாண்டுகளாகக் கணக்கராக இருந்தேன். வியாபாரம் படுத்திருந்த சமயத்தில் மேலாளர் என்னை அறைக்கு அழைத்து, ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்பது வரை அதில் இருந்தது. தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி. "நீங்களே விலகிக்கொள்ளுங்கள் சார், நாங்கள் நீக்கினால் கிராஜுவிட்டி கிடைக்காது" என்றார்.

அது வெறும் மிரட்டல். ஐந்தாண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, விலகினாலும் விலக்கப்பட்டாலும், ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. சொத்துக்குச் சேதம் விளைவித்தது, வன்முறையில் இறங்கியது, பணியின்போது ஒழுக்கக்கேடான குற்றம் புரிந்தது ஆகிய காரணங்களுக்காக நீக்கப்பட்டால்தான் அதில் கைவைக்க முடியும். வியாபாரம் படுத்தது கணக்கரின் குற்றம் அல்லவே!

அவர்களுக்கு என் கையெழுத்து தேவைப்பட்டதற்குக் காரணம் வேறு. 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆவது பிரிவுப்படி, ஆறு மாதம் தொடர்ந்து பணியாற்றியவரை, நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. நீக்கப்பட்டவர் அதற்குரிய அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம், அங்கே காரணத்தை நிலைநாட்டும் பொறுப்பு முதலாளியுடையது. (நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது.) தானாக விலகியவருக்கு அந்த வழி இல்லை. வற்புறுத்தி வாங்கினார்கள் என்றால் அவரே மெய்ப்பிக்க வேண்டும். மூடிய அறையில் பேசியதற்குச் சாட்சி யார்?

நான் கையெழுத்திடவில்லை. "தாங்கள் இன்று தந்த விலகல் கடிதத்தில் கையொப்பமிட எனக்கு விருப்பமில்லை, பணியில் தொடர்கிறேன்" என்று அன்று மாலையே மின்னஞ்சல் அனுப்பினேன். பின்னர் நீக்க உத்தரவு வந்தது. நான் மேல்முறையீட்டுக்கு மனு தயாரிக்கும்போதே, நோட்டீஸ் சம்பளத்தையும் பணிக்கொடையையும் கூடுதலாக ஒரு தொகையையும் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள்.

மற்றொரு உறுப்பினர்:

பொதுத்துறை நிறுவனமொன்றில் பணிபுரியும் என் தங்கை கோபத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டு, நோட்டீஸ் காலம் முடிவதற்குள் மனம் மாறினாள். கொடுத்தது கொடுத்ததுதான் என்றது நிர்வாகம். 1977-இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக எழுதிய கடிதத்தை ஜூலையிலேயே திரும்பப் பெற்றது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் கூறியதை வழக்கறிஞர் எடுத்துக்காட்டி எழுதினார். கடைசி வேலைநாளுக்கு முன்பே திரும்பப்பெறும் கடிதத்தைக் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரையும் வாங்கியிருந்ததால், அவளை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள்.